பூனைக்குப் படர்தாமரை: வீட்டைவிட்டு விரட்டாமல் குணப்படுத்தும் வழி

நான்கு வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசி மழையில், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் அடியில் நனைந்து கிடந்த குட்டியை என் மகள் துப்பட்டாவில் சுற்றி எடுத்துவந்தாள். கறுப்புக் குட்டி. உள்ளங்கையில் அடங்கும். மிளகு என்று பெயர் வைத்தோம். வந்து பன்னிரண்டு நாள் இருக்கும், இடது காதோரம் முடி இல்லாத ஒரு வட்டம் தெரிந்தது. சட்டைப் பட்டன் அளவு. நடுவில் சாம்பலைத் தூவினாற்போல் செதில். சுற்றியிருந்த முடிகள், மழுங்கின கத்தரியில் வெட்டின துணியோரம் பிசிறு நிற்குமே, அப்படி நுனி ஒடிந்து குட்டை குட்டையாக நின்றன. விரலை வைத்துப் பார்த்தேன். குட்டிக்கு வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. ஏதோ பழைய காயம் ஆறுகிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் அத்தையின் முழங்கை மடிப்பில் சிவப்பாய் ஒரு வளையம். குட்டியை அந்தக் கையில்தான் படுக்கவைத்துக்கொண்டு சீரியல் பார்ப்பார். அப்புறம் மகளின் கழுத்தில் ஒன்று. விஷயம் தெரிந்ததும் தெருவில் எல்லோரும் சொன்ன வைத்தியம் ஒன்றுதான்: சாக்கில் போட்டு மாட்டுத்தாவணிப் பக்கம் விட்டுவிட்டு வா.

நான் விடவில்லை. மதுரை செல்லூரில் இருபது வருஷமாக வீட்டிலேயே தையல் போடுகிறேன். துணி, பிசிறு, தூசி, முடி என்று நாள் முழுக்க இவற்றோடுதான் பிழைப்பு. இந்த நோயும் முடியிலும் தூசியிலும் வாழ்கிற நோய் என்று தெரிந்ததும் எனக்குப் பயம் பாதி போய்விட்டது. மிளகோடு சேர்த்து இதுவரை ஏழு குட்டிகளுக்கு இதைப் பார்த்துவிட்டேன். ஏழும் குணமாயின. இந்த நோய்க்காக ஒரு பூனையையும் தெருவில் விட வேண்டாம். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் இது என்ன

படர்தாமரை பூஞ்சையால் வருவது. பூனைகளுக்குப் பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை. கேனிஸ் என்றால் நாய் என்று பொருள். பெயர்தான் அப்படி, நாயைவிடப் பூனைதான் அதற்கு வசதியான வீடு. முடி, நகம், தோலின் மேல் அடுக்கு ஆகியவற்றில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழும். முடித்தண்டுக்குள் புகுந்ததும் முடி வலுவிழந்து ஒடிகிறது. ஒடிந்த ஒவ்வொரு துண்டிலும் ஆயிரக்கணக்கில் வித்துகள் ஒட்டியிருக்கும். அந்த வித்துகள் உலர்ந்த இடத்தில் 18 மாதம்வரைகூட உயிரோடு கிடக்கும்.

ஆக, நோய் இருப்பது மூன்று இடத்தில்: முடியின் உள்ளே, உடம்பின் மேலே, வீட்டின் தரையிலும் துணியிலும். மாத்திரை முதல் இடத்துக்கு, குளியல் இரண்டாவதுக்கு, துடைப்பது மூன்றாவதுக்கு. மூன்றில் ஒன்றை விட்டாலும் வட்டமாகச் சுற்றிவந்து மறுபடி பிடிக்கும். நான் முதல் தடவை விட்டது எது என்று பின்னால் சொல்கிறேன்.

தொற்றியதிலிருந்து கண்ணுக்குத் தெரிய ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். குட்டிகள், வயதானவை, சத்தில்லாமல் மெலிந்தவை, ஏற்கெனவே வேறு நோயுள்ளவை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பெர்ஷியன் போன்ற நீள முடிப் பூனைகளிடம் வெளியே ஒன்றும் தெரியாமலே பூஞ்சை இருக்கலாம். அதனால் வீட்டில் நான்கு பூனை இருந்து ஒன்றுக்கு மட்டும் வட்டம் தெரிந்தாலும் நான்கையும் காட்டிவிடுவது நல்லது.

விளக்கடித்துப் பார்ப்பது

கால்நடை மருத்துவர் மிளகை ஓர் இருட்டறைக்குள் கொண்டுபோய் ஊதா விளக்கைப் பிடித்தார். உட்ஸ் விளக்கு என்பார்கள். ராபர்ட் வில்லியம்ஸ் உட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1903-ல் செய்த வடிகட்டிக் கண்ணாடியிலிருந்து வந்தது. மைக்ரோஸ்போரம் கேனிஸ் புகுந்த முடி அந்த வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். மருத்துவர் ஆப்பிள் பச்சை என்றார். எனக்குத் தெரிந்த வார்த்தையில் அது கிளிப்பச்சை. பட்டுப்புடவைக் கடையில் கிளிப்பச்சை என்று கேட்டால் எடுத்துப் போடுவார்களே, அந்த நிறம் உள்ளிருந்து எரிந்தால் எப்படியோ அப்படி. அதுவும் முடியின் வேர்ப்பக்கத்தில், ஒவ்வொரு முடியிலும் தனித்தனியாக, நூல் நூலாக. ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

இப்போது நானும் ஒரு டார்ச் வைத்திருக்கிறேன். வாங்குபவர்களுக்கு ஒரு விஷயம்: 365 நானோமீட்டர் என்று போட்டிருக்க வேண்டும். ரூபாய் நோட்டு பார்க்கும் 395 நானோமீட்டர் டார்ச் மலிவாகக் கிடைக்கும். அதில் வெறும் ஊதா வெளிச்சம்தான் கண்ணில் அடிக்கும். அறையை நன்றாக இருட்டாக்கி, இரண்டு மூன்று நிமிஷம் கண் பழகியபின் பாருங்கள். விளக்கைப் பூனையின் கண்ணில் அடிக்காதீர்கள்.

எது பூஞ்சை, எது வெறும் பிசிறு என்று பிரித்துப் பார்ப்பதில்தான் தவறு நடக்கும். என் தையல் மேஜை மேல் அந்த டார்ச்சை அடித்தால் வெள்ளைத் துணியின் பிசிறு, நூல், சோப்புத்தூள் ஒட்டிய இடம் எல்லாம் நீலவெள்ளையாகப் பளபளக்கும். பூனை மேலும் அந்தப் பிசிறு ஒட்டியிருக்கும். செதிலும் களிம்பும்கூட மங்கலாக மினுங்கும். அவை எதுவும் கணக்கில் வராது. முடித்தண்டில் பச்சை இருந்தால்தான் கணக்கு. முடியைப் பிடுங்கித் தனியாகப் பார்த்தாலும் அது ஒளிர வேண்டும்.

ஒளிரவில்லை என்றால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. வேறு வகைப் பூஞ்சைகள் இந்த விளக்கில் ஒளிராது. எலியிடமிருந்து வரும் ட்ரைகோஃபைட்டான் ஒன்று, மண்ணில் வாழும் ஜிப்சியம் வகை ஒன்று. அதனால் சந்தேகம் இருந்தால் வளர்ப்புச் சோதனை வேண்டும். அதற்கு மாதிரி எடுக்கும் முறை எளிது. பிரிக்காத புது டூத் பிரஷ் ஒன்று. முதலில் புண் இல்லாத இடங்களில் ஆரம்பித்து உடம்பு முழுக்க இரண்டு மூன்று நிமிஷம் வார வேண்டும். கடைசியாகத்தான் வட்டம் உள்ள இடம். பிரஷின் மயிரிழைகளில் பூனைமுடி ஒட்டியிருக்கும். அப்படியே அதன் உறையில் போட்டு ஆய்வகத்துக்குக் கொடுத்தால், ஒரு தட்டில் பதித்து வளர்ப்பார்கள். பூஞ்சை இருந்தால் தட்டு மஞ்சளிலிருந்து சிவப்பாக மாறி, மேலே பஞ்சுபோல் வெள்ளையாக வளரும். நிறத்தை மட்டும் நம்பாமல் மைக்ராஸ்கோப்பிலும் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். தனியார் கிளினிக்கில் வசதி இல்லை என்றால் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் கேளுங்கள். சென்னை வேப்பேரியில் இருப்பது 1903-லிருந்து இயங்குகிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு பக்கமும் கல்லூரிகள் இருக்கின்றன.

நான் செய்த இரண்டு தவறுகள்

டாக்டரிடம் போவதற்கு முன் மெடிக்கல் ஷாப்பில் படர்தாமரைக்கு ஒரு டியூப் வாங்கிவந்து மிளகின் காதில் தடவினேன். இரண்டே நாளில் சிவப்பு இறங்கியது. நல்ல மருந்து என்று மகிழ்ந்தேன். ஒரு வாரத்தில் மூக்கின் மேலும் முன்னங்காலிலும் புது வட்டங்கள். டியூபை டாக்டரிடம் காட்டியபோதுதான் தெரிந்தது, அதில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் என்ற கடுமையான ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கும். கூடவே தோலின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கும். பூஞ்சைக்குக் காவல் இல்லாத வீடு கிடைத்தாற்போல் ஆகிவிடும். அதோடு, பூனை மேலே எதைத் தடவினாலும் அரைமணி நேரத்தில் அது வயிற்றுக்குள் போய்விடும். நாள் முழுக்க நக்கும் ஜீவன் அது.

இதே காரணத்துக்காக வீட்டு வைத்தியமும் வேண்டாம். அத்தை குப்பைமேனி இலையை உப்போடு அரைத்துப் போடலாம் என்றார். மனிதருக்குச் சொறிக்குப் போடுகிற பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. ஆனால் அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் இருக்கிறது; பூனை அதைத் தேடிப்போய் மேயும். தடவினால் நக்காமல் இருக்குமா? டீ ட்ரீ ஆயில் என்று ஆன்லைனில் விற்பதையும் கிட்டே கொண்டுவராதீர்கள், பூனைக்கு அது நஞ்சு. மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூஞ்சையை முடிக்குள் போய் எட்டாது.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. மருந்து ஆரம்பித்து மூன்றாவது வாரம் காதோரம் கறுப்பாய்ப் பூனைமுடி முளைத்தது. செதிலும் இல்லை. குணமாகிவிட்டது என்று நானே நிறுத்திவிட்டேன். ஒரு மாதத்தில் மறுபடி வந்தது, இந்தத் தடவை ஆறு இடத்தில். தோல் ஆறிய பின்னும் பல வாரம் பூஞ்சை உடம்பில் மிச்சம் இருக்கும். அதனால் நிறுத்துவதைக் கண் முடிவுசெய்யக் கூடாது. டூத் பிரஷ் சோதனைதான் முடிவுசெய்ய வேண்டும். மிளகுக்கு முழுதாய்க் குணமாகப் பத்து வாரம் ஆனது. தினத்தாள் காலண்டரில் மாத்திரை நாளுக்கு ஒரு கோடு, குளியல் நாளுக்கு ஒரு வட்டம் என்று போட்டுவைத்தேன். அந்தத் தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன்.

மாத்திரை

பூனைக்கு இப்போது அதிகம் எழுதப்படுவது இட்ராகோனசால். எடையைப் பார்த்து, கிலோவுக்கு 5 மி.கி. என்ற கணக்கில், ஒரு வாரம் தினமும் கொடுத்து ஒரு வாரம் விட்டு மறுபடி கொடுப்பது வழக்கமான முறை. இடைவெளி விட்டாலும் மருந்து முடியிலும் தோலிலும் தங்கி வேலை செய்துகொண்டிருக்கும். சில டாக்டர்கள் டெர்பினாஃபின் எழுதுவார்கள். கிரிஸியோஃபல்வின் பழைய மருந்து. பூனையின் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கலாம், சினைப் பூனைக்கு எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்கக் கூடாது.

அளவு எழுதிவிட்டேனே என்று நீங்களே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்கான கேப்ஸ்யூல் 100 மி.கி. ஒன்றரைக் கிலோ குட்டிக்கு வேண்டியதோ 7.5 மி.கி.தான். அந்தக் கேப்ஸ்யூலைத் திறந்தால் உள்ளே கடுகைவிடச் சின்ன மணிகள் இருக்கும். எங்கள் டாக்டர் அதை வெள்ளைத் தாளில் கொட்டி, ஒரு நாளுக்கு எத்தனை மணி என்று எண்ணிக் காட்டினார். அதே எண்ணிக்கையை வேறு கம்பெனி கேப்ஸ்யூலுக்குப் போட முடியாது. சாப்பாட்டோடு கொடுத்தால்தான் கேப்ஸ்யூல் மருந்து நன்றாக உடம்பில் சேரும். அவித்த மீனின் நடுவில் வைத்துக் கொடுப்பேன். பூனை சாப்பிடாமல் ஒதுங்கினால், வாந்தி எடுத்தால், கண்ணின் வெள்ளையோ ஈறோ மஞ்சளானால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். ஈரலைக் கவனிக்க வேண்டிய மருந்து இது.

குளியல்

வாரம் இரண்டு தடவை. பூஞ்சைக்கான மருந்து ஷாம்பூ, மிகோனசாலும் குளோர்ஹெக்ஸிடினும் சேர்ந்தது நல்லது. கீட்டோகோனசாலும் குளோர்ஹெக்ஸிடினும் சேர்ந்ததும் கடைகளில் கிடைக்கும். வெளிநாடுகளில் சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசலில் முக்குவார்கள், மிகவும் பலன் உள்ளது. அது எங்களுக்குக் கிடைக்கவில்லை. வீட்டுச் சுண்ணாம்பில் கந்தகத்தைக் கலந்து நீங்களே செய்து பார்க்க வேண்டாம், தோல் வெந்துவிடும்.

பூனையைக் குளிப்பாட்ட இரண்டு பேர் வேண்டும். பிளாஸ்டிக் டப்பின் அடியில் பழைய துண்டை விரியுங்கள். கால் வழுக்காமல் நகம் பதிய இடம் இருந்தால் பாதிப் போராட்டம் குறையும். தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாக. குழாயைத் திறந்துவிட்டுப் பூனையைக் கொண்டுபோகாதீர்கள், சத்தத்திலேயே மிரண்டுவிடும். நனைக்க ஒன்று, கழுவ ஒன்று என்று இரண்டு டப்பில் முன்பே தண்ணீர் நிரப்பிவையுங்கள். கழுத்திலிருந்து வால்வரை நனைத்து, ஷாம்பூவை முடியின் அடிவரை போகும்படி தேய்த்து, அப்படியே பத்து நிமிஷம் விட வேண்டும். இந்தப் பத்து நிமிஷம்தான் மருந்து. தேய்த்தவுடன் கழுவினால் வெறும் குளியல். மிளகைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் இரண்டு தடவை கத்தியது, மூன்றாவது தடவையிலிருந்து என் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டு பேசாமல் இருந்தது. முகத்தில் ஷாம்பூ வேண்டாம். கண், காது, மூக்குப் பக்கம் டாக்டர் சொன்ன களிம்பை, ஸ்டீராய்டு இல்லாததை, மெல்லியதாகத் தடவினால் போதும். கழுவியபின் நன்றாகத் துவட்டி, குட்டி என்றால் வெயிலிலோ சுடுதண்ணீர் பாட்டில் பக்கத்திலோ வைத்து உடம்பைச் சூடாக்குங்கள். குளிரில்தான் குட்டிகள் சாகும்.

முடியை மெஷினால் மழிக்க வேண்டாம். தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து பூஞ்சை பரவும். நீள முடிப் பூனைக்கு மட்டும் முனை மழுங்கின கத்தரியால் குட்டையாக்கலாம். வெட்டிய முடியைத் தாளில் மடித்துக் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

வீடு

நோய் தீரும்வரை பூனைக்கு ஓர் அறை. சோபா, மெத்தை, மிதியடி இல்லாத அறை. நாங்கள் மாடிப்படி அடியில் இருந்த சாமான் அறையைக் காலிசெய்தோம். படுக்க அட்டைப்பெட்டி, வாரம் ஒரு தடவை அதைத் தூக்கிப்போட்டுப் புதுப்பெட்டி. அறைக்கதவின் உள்பக்கம் ஓர் ஆணியில் பழைய நைட்டி ஒன்று மாட்டியிருக்கும். உள்ளே போனால் அதை உடுத்திக்கொண்டு குட்டியோடு உட்கார்வேன், வெளியே வரும்போது கழற்றி மாட்டிவிட்டுக் கைகால் கழுவுவேன். இந்த நைட்டி விஷயத்தை எல்லோரிடமும் சொல்வேன், ஏனென்றால் தனியறை என்று சொன்னதும் பலர் குட்டியைக் கூண்டில் போட்டுச் சாப்பாட்டை மட்டும் தள்ளிவிடுகிறார்கள். குட்டி மனிதரோடு பழகும் பருவம் பிறந்த முதல் இரண்டு மாதம்தான். அந்த நாட்களை இருட்டில் கழித்த பூனை பிறகு யார் கிட்டேயும் வராது. தினமும் அரைமணியாவது அதோடு விளையாடுங்கள்.

பூந்துடைப்பத்தால் பெருக்கினால் முடி காற்றில் பறந்து வீடெல்லாம் போகும். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். நாற்காலி, திரைச்சீலையில் ஒட்டிய முடிக்கு நான் துணியில் பிசிறு எடுக்கும் அகல டேப்பையே கையில் சுற்றி ஒற்றி எடுத்தேன். இதைவிடச் சிறந்த கருவி எனக்குத் தெரியவில்லை. இது தினமும்.

வாரம் இரண்டு தடவை முழுத் துடைப்பு. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்குப் போகத் துடைத்துக் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் எந்த மருந்தும் வேலை செய்யாது. பிறகு வீட்டு உபயோகத் திரவ பிளீச்சை லிட்டருக்கு 30 மி.லி. கலந்து தரையில் பத்து நிமிஷம் ஈரமாக நிற்கவிட்டு, நல்ல தண்ணீரால் துடைத்துக் காயவைத்தபின் பூனையை விடுங்கள். ஜன்னலைத் திறந்துவையுங்கள். பாத்ரூம் ஆசிட்டோடு மட்டும் அதைக் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

பினாயில்? நம் வீடுகளில் நோய் என்றாலே பினாயில்தான். பூனை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். தண்ணீரில் விட்டதும் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகளில் பெரும்பாலும் பீனால் வகை ரசாயனம் இருக்கும், டெட்டாலும் அப்படித்தான். அதை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே நோயாகும்.

துணிகளைத் தனியாகத் துவையுங்கள். மெஷினைத் திணித்து நிரப்பாமல் பாதியோடு விட்டால் துணி நன்றாக அலசுப்படும், முடி கழன்றுபோகும். இரண்டு தடவை ஓட்டி வெயிலில் காயப்போட்டால் போதும், வெந்நீர் அவசியமில்லை. என் தொழிலே துணி என்பதால் வாடிக்கையாளர்களிடம் விஷயத்தைச் சொல்லி, நோய் தீரும்வரை தையல் மெஷினைத் தோழி வீட்டில் வைத்துத் தைத்தேன். மறைக்காமல் சொன்னதில் ஒருவரும் துணியைத் திரும்பக் கேட்கவில்லை.

வீட்டு மனிதர்கள்

பூனையைத் தூக்கும் இடங்களில்தான் வட்டம் வரும்: முன்கை, கழுத்து, மார்பு. குழந்தைகளுக்குத் தலையில் வந்து முடி கொட்டலாம். தோல் டாக்டரிடம் போகும்போது வீட்டில் பூனைக்கு இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அத்தைக்கும் மகளுக்கும் வெறும் களிம்பிலேயே சில வாரத்தில் சரியானது. சர்க்கரை நோயாளிகள், கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் சிகிச்சை முடியும்வரை பூனையைத் தொடாமல் இருப்பது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் சில வருஷமாக எந்தக் களிம்புக்கும் அடங்காத படர்தாமரை குடும்பம் குடும்பமாகப் பரவுகிறது. அதற்குக் காரணமான பூஞ்சைக்கு 2020-ல் ட்ரைகோஃபைட்டான் இண்டோட்டினியே என்று நம் நாட்டுப் பெயரையே வைத்தார்கள். அது முக்கியமாக மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது, துண்டு, துணி வழியாக. இடுப்பிலும் தொடையிலும் மாதக்கணக்கில் படர்தாமரை இருப்பவர் வீட்டுப் பூனையைக் குற்றம் சொல்வதற்கு முன் பூனைக்குச் சோதனை செய்து பார்க்கட்டும்.

நாய் என்றால் கதை வேறு

பூனைக்கு வட்டமாக முடி கொட்டினால் முதல் சந்தேகம் படர்தாமரை. நாய்க்கு அப்படி இல்லை. நாயின் வயிற்றில், விலாவில் ஓரம் தோலுரிந்த சிவப்பு வளையங்கள் தெரிந்தால் பெரும்பாலும் அது பாக்டீரியாப் புண். முகத்திலும் முன்னங்காலிலும் முடி கொட்டிய குட்டிநாய்க்குத் தோலுக்குள் வாழும் டெமோடெக்ஸ் உண்ணியாக இருக்கலாம். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் பூஞ்சை மருந்து ஆரம்பிப்பது வீண். நாய்க்குப் படர்தாமரை வருவதும் உண்டுதான். மண்ணைத் தோண்டும் நாய்க்கு மூக்கின் மேலும் பாதத்திலும் மண்பூஞ்சை வரும். எலி பிடிக்கும் நாய்க்கு மூஞ்சியில் எலிப்பூஞ்சை.

நாயிடம் அதிகம் பார்ப்பது வேறொரு பூஞ்சை. மலசீசியா என்ற ஈஸ்ட். என் தங்கை வீட்டு லாப்ரடாருக்கு இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததுமே சிக்கு வாடை, காறிப்போன எண்ணெய்போல. காதுக்குள் பழுப்பாய் அழுக்கு, விரலிடுக்கு எல்லாம் நக்கி நக்கிச் செம்மண் நிறம், அக்குளில் தோல் தடித்து யானைத்தோல்போல் கறுத்திருந்தது. டாக்டர் ஒட்டும் டேப்பைத் தோலில் அழுத்தி எடுத்துச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினார். தொலியோடு இருக்கும் நிலக்கடலை வடிவில் குவியல் குவியலாக இருந்தன.

இது எல்லா நாயின் தோலிலும் கொஞ்சம் வாழும் ஈஸ்ட்தான். பக்கத்து நாயிடமிருந்து தொற்றியதும் அல்ல. ஒவ்வாமையோ ஹார்மோன் கோளாறோ வந்து தோலில் எண்ணெயும் ஈரமும் கூடும்போது பெருகிவிடும். மிகோனசாலும் குளோர்ஹெக்ஸிடினும் சேர்ந்த ஷாம்பூவில் வாரம் இரண்டு தடவை, அதே பத்து நிமிஷக் கணக்கு. குளித்தபின் விரலிடுக்கு, அக்குள், முகமடிப்பு எல்லாம் உலர வேண்டும். ஆனால் அரிப்பின் மூலக்காரணத்தைப் பார்க்காவிட்டால் ஷாம்பூவை நிறுத்திய மாதமே திரும்பிவரும். தங்கை வீட்டில் தெள்ளுப்பூச்சிக்கு ஒழுங்காக மருந்து போட்டு, சாப்பாட்டையும் மாற்றியபின்தான் நின்றது. காதில் நீங்களாக எண்ணெயோ சொட்டு மருந்தோ ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்த்தபின்தான் எதையும் விட வேண்டும்.

தோலோடு நிற்காதவை

இவை அரிதாக வரும் பூஞ்சை நோய்கள், ஆனால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவை. பூனையின் மூக்குத்தண்டு வீங்கி, ஒரு பக்கம் சளி வடிந்து தும்மிக்கொண்டே இருந்தால் கிரிப்டோகாக்கஸாக இருக்கலாம். புறா எச்சம் கலந்த மண்ணில் வளரும் பூஞ்சை அது. நீள மூக்கு நாய்க்கு ஒரு பக்க மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை இருக்கிறதா என்று சோதிப்பார்கள். முகத்திலும் பாதத்திலும் ஆறாத குழிப்புண் இருக்கும் பூனையைக் கையுறை இல்லாமல் தூக்காதீர்கள். ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை கீறல் வழியாக மனிதருக்கு வரும். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 1990-களின் கடைசியிலிருந்து பூனைகள் வழியாகப் பெரிய அளவில் பரவியது அதுதான்.

புதுக்குட்டி வந்தால்

இப்போது எங்கள் வீட்டுக்கு எந்தக் குட்டி வந்தாலும் நேராக மாடிப்படி அறைதான். அன்றே இருட்டில் டார்ச் அடித்து மூக்கு, காது, கண்ணோரம், கால்விரல், வால்நுனி என்று முடிமுடியாகப் பார்ப்பேன். புது டூத் பிரஷால் வாரிச் சோதனைக்குக் கொடுத்துவிடுவேன். வாரம் ஒரு தடவை மறுபடி டார்ச். மற்றப் பூனைகளுக்குச் சாப்பாடு வைத்தபின்தான் புதுக்குட்டியிடம் போவேன், நைட்டி ஆணியில் இருக்கும். மிளகு கதவின் இந்தப் பக்கம் உட்கார்ந்து, கதவிடுக்கில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும். அங்கே ஒரு துணியைச் சுருட்டி அடைத்துவைப்பேன். மூன்றாவது வாரம் சோதனை முடிவு நல்லபடியாக வந்ததும் அந்தத் துணியை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்துவிடுவேன்.